காந்தமும் கைத்துப்பாக்கியும்

வலிய காந்தம் தோட்டாவை வெடிக்கச் செய்யுமோ என்று ஐயுறுவோர் உளர். தோட்டாவின் கூடு பெரும்பாலும் பித்தளை. குண்டோ செம்பு போர்த்த ஈயம். இவற்றைக் காந்தம் இழாது, மருந்தையும் பற்றவையாது. ஆபத்து துப்பாக்கியின் உருக்கிலேயே உள்ளது.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், எம்.ஆர்.ஐ. படம் எடுக்க வந்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கைத்துப்பாக்கியுடன் அவ்வறையுள் நுழைந்துவிட்டார். அதை அலுமாரிமேல் வைக்க முயல்கையில், காந்தம் அதனைப் பறித்திழுத்தது. கருவியில் மோதிய துப்பாக்கி வெடித்து, குண்டு சுவரிற் பாய்ந்தது. நல்லவேளை, எவரும் காயமுறவில்லை. இத்தனைக்கும் பாதுகாப்புப் பூட்டு இடப்பட்டே இருந்தது! துப்பாக்கியினுள் ஊசியைத் தடுத்து நிற்கும் சிறு துண்டைக் காந்தம் விலக்கியிருக்கலாம். மோதிய வேகத்தில் ஊசி முன்னே பாய்ந்து தோட்டாவைத் தட்டியிருக்கும் என்பது ஆராய்ந்தோர் முடிவு. 2023இல் பிரேசிலில் இத்தகைய அறையொன்றில் இடுப்பில் இருந்த துப்பாக்கி வெடித்து ஒருவர் மாண்டார்.

படம் எடுக்காத வேளையிலும் அக்காந்தம் ஓய்வதில்லை.