கடை அடைத்த பின் நெஞ்செரிச்சல்

வியாபாரிகளாகிய நமக்குப் பகல் சாப்பாடு மூன்று மணி. இரவுச் சாப்பாடு கடை அடைத்து, கணக்கு முடித்துப் பத்தரைக்கு. உண்ட கையோடு படுக்கை. இரைப்பை வாயிலுள்ள தசை வளையம் இறுக மூடாவிட்டால், படுத்ததும் அமிலம் உணவுக்குழாயில் ஏறுகிறது, அதுதான் நெஞ்செரிச்சல்.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி வேண்டும். எட்டு மணிக்கே கல்லாவில் மகனை உட்கார வைத்துவிட்டு நாலு இட்லி சாப்பிடலாம், வாடிக்கையாளர் ஓடிவிடமாட்டார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு 6 அங்குலக் கட்டை வைக்கலாம். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும்.

கடையிலேயே இருக்கிறதே என்று சமையல் சோடாவைக் கரைத்துக் குடிப்பது நம்மிடையே வழக்கம். அதில் சோடியம் மிகுதி. இரத்தக் கொதிப்புள்ளவர்களுக்கு ஆகாது.

எரிச்சலோடு வியர்வை, மூச்சுத்திணறல், இடக்கை வலி வந்தால் வாயு என்று ஒதுக்கக் கூடாது; மாரடைப்பாக இருக்கலாம். ஓம வாட்டரைத் தேடாமல், வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டு 108-ஐ அழையுங்கள்.