பாஸ்வேர்டு சரியாக இருந்தும் மெயில் திறக்கவில்லையா?

 

பாஸ்போர்ட் புதுப்பிப்பு, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, ஹஜ் விண்ணப்பம், வெளிநாட்டிலிருந்து வரும் விசா நகல் என்று இன்று பல காரியங்களும் ஒரு மின்னஞ்சல் கணக்கை நம்பியே நடக்கின்றன. அந்தக் கணக்கு திறக்காமல் போனால் விண்ணப்பத்தின் கடைசி நாள் நமக்காகக் காத்திருக்காது. விளாத்திகுளத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "கம்ப்யூட்டர் அப்டேட் ஆச்சு. அதிலிருந்து மெயில் பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்கு. சரியாத்தான் போடுறோம், ஏத்துக்க மாட்டேங்குது." இது ஏன் நடக்கிறது, என்ன செய்யலாம் என்று இங்கே விளக்குகிறோம்.

எந்தப் பாஸ்வேர்டைக் கேட்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, தொலைபேசிக் கம்பி வழியாக மோடம் டயல் செய்துதான் உள்ளே போக முடிந்தது. இணைப்புக்கு ஒரு பாஸ்வேர்டு, மெயிலுக்கு ஒரு பாஸ்வேர்டு என்று இரண்டு இருந்தன. ஒன்றைப் போட வேண்டிய இடத்தில் மற்றதைப் போட்டுத் தவித்தவர்கள் அன்றே உண்டு. டயல்-அப் காலம் முடிந்துவிட்டது. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம்கூடத் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டது. ஆனால் குழப்பம் போகவில்லை. இன்று ஒரு வீட்டில் மூன்று பாஸ்வேர்டுகள் இருக்கின்றன.

ஒன்று, வைஃபை பாஸ்வேர்டு. கைபேசியை ரூட்டரோடு சேர்ப்பதற்கு.

இரண்டு, இணைப்பு பாஸ்வேர்டு. ரூட்டர் தன் நிறுவனத்தோடு பேசுவதற்கு. ரூட்டருக்குள் பதிந்திருப்பதால் நம் கண்ணில் படாது. பழைய பிராட்பேண்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும், கம்ப்யூட்டரில் 'கனெக்ட்' என்ற சிறு ஜன்னலில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். விண்டோஸ் மாறும்போது அங்கே சேமித்து வைத்தது அழிந்து போவதுண்டு.

மூன்று, மெயில் பாஸ்வேர்டு.

வீட்டில் எந்தக் கருவியிலும் இணையம் வரவில்லை என்றால் கோளாறு இரண்டாவதில் இருக்கலாம். இணைப்பு தந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவசரப்பட்டு ரூட்டரின் பின்பக்கத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்துவிடாதீர்கள். உள்ளே பதிந்த பெயரும் பாஸ்வேர்டும் அதோடு போய்விடும். இணையம் வருகிறது, மெயில் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

சரியான பாஸ்வேர்டை ஏன் மறுக்கிறது?

பாஸ்வேர்டு திருட்டு பெருகியதால், பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் கொடுத்து உள்ளே வரும் பழைய முறையை மெயில் நிறுவனங்கள் மூடிவிட்டன. கூகுள், தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் இதை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட், அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் நிறுத்தியது. விண்டோஸ் 10-ல் இருந்த 'மெயில்' செயலிக்கான ஆதரவும் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. ஆகவே பழைய மென்பொருளில் நூறு முறை சரியாகத் தட்டினாலும் கதவு திறக்காது. பூட்டையே மாற்றிவிட்டார்கள், பழைய சாவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள். தவறு கூடினால் கணக்கே சிறிது நேரம் பூட்டப்படலாம்.

2. தமிழ் விசைப்பலகை இயங்குகிறதா, கேப்ஸ் லாக் எரிகிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் தவறு கண்ணில் படாது. நோட்பேடில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

3. கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரில் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அப்போது பாதுகாப்பான இணைப்பு எதுவும் ஒழுங்காக அமையாது.

4. குரோம் போன்ற பிரௌசரில் ஜிமெயிலைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் உங்கள் பாஸ்வேர்டு சரி. கோளாறு கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளில். திறக்காவிட்டால் பாஸ்வேர்டை மீட்க வேண்டும். வழக்கமாகப் பயன்படுத்தும் கைபேசியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து முயன்றால் மீட்கும் வாய்ப்பு அதிகம்.

5. பிரௌசரில் திறக்கிறது, பழைய அவுட்லுக்கில்தான் ஜிமெயில் வரவில்லை என்றால் 'ஆப் பாஸ்வேர்டு' வாங்குங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் முதலில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, பிறகு 'ஆப் பாஸ்வேர்டு' என்று தேடினால் 16 எழுத்துகள் தரும். அவற்றை அவுட்லுக்கில் பழைய பாஸ்வேர்டு இருந்த இடத்தில் போடுங்கள். பிற்பாடு கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் இது செல்லாது. புதிதாக வாங்க வேண்டும். ஹாட்மெயில், அவுட்லுக் முகவரி வைத்திருப்பவர்கள் மென்பொருளையே புதிதாக மாற்றுவதுதான் வழி.

ஃபார்மட் செய்வதற்கு முன்

"கணக்கை எடுத்துட்டு மறுபடி போட்டா சரியாயிடும்", "சிஸ்டத்தை ஃபார்மட் பண்ணிடலாம்" என்று கடையில் சொன்னால் சற்றுப் பொறுங்கள். பழைய முறையில் அமைத்த கணக்குகளில் கடிதங்கள் கம்ப்யூட்டருக்கு இறங்கியதும் நிறுவனத்தின் சர்வரிலிருந்து நீக்கப்பட்டிருக்கக்கூடும். பிரௌசரில் திறந்து, ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய கடிதங்கள் தெரிகின்றனவா என்று தேடுங்கள். தெரிந்தால் கவலையில்லை. தெரியாவிட்டால் அவை அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கலாம். பத்திர நகலும் வேலை ஒப்பந்தமும் அதில்தான் இருக்கும். பென் டிரைவில் பிரதி எடுத்த பிறகே கை வைக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு

மகனோ கணவரோ சவூதியிலோ துபாயிலோ இருப்பார். மெயிலோடு இணைத்த எண் ஊரில் வாங்கிய சிம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த எண் துண்டிக்கப்படும். துண்டித்து 90 நாள் கழிந்த பிறகு அதை வேறொருவருக்குக் கொடுக்க விதி அனுமதிக்கிறது. அப்புறம் ஓ.டி.பி. நமக்கு வராது, அவருக்குப் போகும். எனவே அந்த எண்ணை உயிரோடு வையுங்கள், அல்லது கணக்கில் எண்ணை மாற்றிவிடுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கியவர்களுக்குக் கூகுள் 8 இலக்கம் கொண்ட 10 காப்பு எண்களைத் தருகிறது. ஒவ்வொன்றும் ஒரு முறை செல்லும், சிம் தேவையில்லை. அதைத் தாளில் அச்செடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். மேலும், இரண்டு வருடம் தொடாமல் விட்ட தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம். சில மாதங்களுக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

ஏமாந்துவிடாதீர்கள்

"உங்கள் மெயில் இன்றோடு முடங்கும், இதை அழுத்திப் பாஸ்வேர்டு போடுங்கள்" என்று கடிதமோ குறுஞ்செய்தியோ வந்தால் அதைத் தொடாதீர்கள். பாஸ்வேர்டு தொல்லையில் இருப்பவர்தான் இதில் எளிதாக மாட்டுவார். நீங்களே பிரௌசரில் முகவரியைத் தட்டி உள்ளே சென்று பாருங்கள். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்ல வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு உண்டு.

இத்தனையும் செய்து முடியாதவர்கள், தாய்மார்கள் உட்பட, நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வாருங்கள். கணக்கோடு இணைத்த கைபேசியைக் கொண்டு வாருங்கள். பாஸ்வேர்டை எங்களிடம் சொல்லவோ எழுதித் தரவோ வேண்டாம்; உங்கள் கையாலேயே நீங்கள் தட்டுங்கள், நாங்கள் பக்கத்தில் இருந்து வழி சொல்கிறோம். விண்ணப்பத்தின் கடைசி நாளில் வராமல் ஒரு வாரம் முன்னதாக வந்தால், இன்ஷா அல்லாஹ், நிதானமாகச் சரிசெய்துவிடலாம்.