பழைய குழுக்களுக்கு ஈடாகுமா இன்றைய ராக் இசை? இந்தியக் குழுக்களின் வரலாறு காட்டுவது என்ன?

புதுடெல்லி: இன்றைய ராக் இசை, முந்தைய தலைமுறைக் குழுக்களின் தரத்தை எட்டவில்லை என்ற குறை ரசிகர்களிடையே அடிக்கடி எழுகிறது. இந்தியக் குழுக்களின் வரலாற்றைக் கவனித்தால், இதற்கு ஒரே வரியில் விடை கூற இயலாது என்பது விளங்கும்.

தொடக்கக் காலம்

1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் இம்பீரியல் டொபாக்கோ நிறுவனத்தின் ஆதரவில் 'சிம்லா பீட்' போட்டி நடைபெற்றது. பல நகரங்களைச் சேர்ந்த இளம் குழுக்களுக்கு இது மேடை அமைத்துக் கொடுத்தது. 1970, 1971 ஆகிய ஆண்டுகளின் போட்டிப் பாடல்கள் இசைத்தட்டுகளாகவும் வெளியாகின. அன்றைய குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடின. மேற்கத்தியக் குழுக்களின் தாக்கம் அவற்றில் வெளிப்படையாகத் தெரிந்தது.

கொல்கத்தா தரும் பாடம்

1970-களின் நடுப்பகுதியில் கொல்கத்தாவில் கவுதம் சட்டோபாத்யாய் உள்ளிட்டோர் 'மொஹீனேர் கோராகுலி' என்ற குழுவைத் தொடங்கினர். பால் நாட்டுப்புற இசை, ஜாஸ், ராக் ஆகியவற்றை இணைத்து வங்க மொழியிலேயே பாடினர். 1977-ல் முதல் இசைத்தட்டு வெளியானது. எனினும் அப்போது அதற்குப் பரவலான வரவேற்பு கிடைக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் குழு கலைந்தது.

1990-களின் நடுவில் கவுதம் கொண்டுவந்த பாடல் தொகுப்புகளுக்குப் பிறகே இளைஞர்கள் அக்குழுவைக் கொண்டாடத் தொடங்கினர். 2006-ல் வெளியான 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தின் பாடல் ஒன்றும் இக்குழுவுடன் தொடர்புடைய மெட்டிலேயே அமைந்தது.

இன்று முன்னோடி எனப் போற்றப்படும் குழுவை, அது இயங்கிய காலத்தில் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. எனவே இன்றைய குழுக்கள் குறித்த தீர்ப்பும் அவசரமானதாக இருக்கக்கூடும். மேலும், பழைய இசையில் சிறந்தவை மட்டுமே நினைவில் தங்குகின்றன, சுமாரானவை மறைந்துவிடுகின்றன. இன்றைய இசையிலோ இரண்டும் ஒருசேரக் காதில் விழுகின்றன.

பழைய குழுக்களின் பலம் எது?

டெல்லியைச் சேர்ந்த 'இந்தியன் ஓஷன்' 1990-ல் உருவானது. 1997-ல் வெளியான அதன் 'டெசர்ட் ரெயின்' தொகுப்பு, நேரடி மேடை நிகழ்ச்சியின் பதிவாகும். பெரும் புகழ் தந்த 'கந்தீசா' 2000-ல்தான் வெளியானது. பத்தாண்டுகள் சேர்ந்து வாசித்த பழக்கமே அக்குழுவின் பலம்.

தற்போது ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிவு செய்து, தாளத்தையும் சுருதியையும் கணினியில் திருத்த முடிகிறது. பிசிறுகள் நீங்குகின்றன. ஆனால் ஒருவர் வாசிப்பைக் கேட்டு மற்றவர் வேகத்தை மாற்றும் உயிரோட்டமும் அவற்றோடு குறைந்துவிடுகிறது. பழைய ரசிகர்களின் ஏக்கத்தில் உள்ள நியாயம் இதுவே.

புதிய குழுக்களின் பலம் எது?

டெல்லியின் 'பிளட்டிவுட்' குழு 2016-ல் யூடியூப் காணொலிகள் வழியாக அறிமுகமானது. தோல் மேள ஒலியையும் இந்தி, பஞ்சாபி வரிகளையும் மெட்டல் இசையில் சேர்த்த இக்குழு, 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் இசை விழாவில் பங்கேற்றது. 2022-ல் 'ரக்‌ஷக்' தொகுப்பை வெளியிட்டது. சொந்த மொழியோடும் தாளத்தோடும் உலக மேடை ஏறும் இத்தகைய வாய்ப்பு, 'சிம்லா பீட்' காலக் குழுக்களுக்கு எட்டாததாகும்.

ஆகவே, பழைய காலத்தின் சிறந்த குழுவை இன்றைய சராசரிக் குழுவோடு ஒப்பிடுவது முறையாகாது. சிறந்ததைச் சிறந்ததோடு, அதுவும் கணினித் திருத்தமில்லாத நேரடி மேடையில் கேட்டு ஒப்பிடுவதே நியாயமான அளவுகோலாக அமையும்.