லெட்டர் வேணுமா... வேலை வேணுமா?

"அங்கிள், உங்க ஆபீஸ்ல ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் பண்ணினதா ஒரு லெட்டர் மட்டும் போட்டுக் குடுங்களேன், ப்ளீஸ்!"

மே மாசம் தி.நகர் பக்கம் ஏதாவது ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்திருந்தால், இந்த டயலாக் உங்கள் காதிலும் விழலாம். லெட்டர்ஹெட், ரப்பர் ஸ்டாம்ப், கையெழுத்து... ரெண்டே நிமிஷத்தில் கிரெடிட் ரெடி! ஆனால், "அங்கே ஒரு நாள் முழுக்க என்ன வேலை பார்த்தே?" என்று வைவாவில் மேடம் கேட்கும்போதுதான் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

கிரெடிட் லெட்டருக்கு இல்லை பாஸ், உழைத்த நேரத்துக்கு! யு.ஜி.சி. 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, டிகிரி மாணவர்கள் நாலாவது செமஸ்டர் முடிந்ததும் 60 முதல் 120 மணி நேரம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். அதற்கு 2 முதல் 4 கிரெடிட். தினம் 4 மணி நேரம் போனால்கூட, 15 நாளில் 2 கிரெடிட் கையில்!

இன்ஜினீயரிங் கணக்கு வேற. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி 2 வாரத்துக்கு 1 கிரெடிட், 4 வாரத்துக்கு 2, 6 வாரத்துக்கு 3. ஸோ, சீனியர் சொன்னதை மட்டும் நம்பாமல், உங்கள் கோர்ஸ் விதிமுறையை ஒரு தடவை புரட்டிடுங்க.

முதல்ல பெர்மிஷன்: வேலையை முடித்துவிட்டு வந்து கேட்டால், "அப்ரூவல் வாங்கினியா?" என்பார்கள். மொத்த உழைப்பும் அவுட்! காலேஜில் கைடு யார், ஆபீஸில் சூப்பர்வைசர் யார் என்று முதல் நாளே தெளிவாக்கிக்குங்க.

தினம் நாலு வரி: எத்தனை மணிக்குப் போனோம், என்ன செய்தோம், எங்கே சொதப்பினோம்... டைரியில் எழுதுங்க. கடைசி நாள் ராத்திரி ரிப்போர்ட்டுக்காக விழி பிதுங்காது.

அப்பாவோட ஃப்ரெண்ட் கம்பெனி மட்டும்தானா? தமிழ், வரலாறு படிக்கிறவங்களுக்கு பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கு. நேரில் போய், "எங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை. பணம் கட்டினால் சர்டிஃபிகேட் தருகிறேன் என்கிற இடமா? எஸ்கேப் ஆயிடுங்க!

இந்த மே மாசம் டயலாக்கைக் கொஞ்சம் மாத்திப் பேசிப் பாருங்களேன்... "அங்கிள், பதினஞ்சு நாள் வரேன். என்ன வேலை குடுத்தாலும் கத்துக்கறேன்!"

லெட்டர் தன்னால வரும். வைவாவில் வாயும் திறக்கும்!