ஹீட்டர் இல்லாத காரில் ஹீட்டர் ஹோஸ்

நம் நாட்டு வெயிலில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்காதவர் யார்? அப்படிக் கேட்டதோடு நில்லாமல் அதைக் கழற்றியும் போட்ட ஓர் ஒர்க்‌ஷாப்காரரால், 1984ஆம் ஆண்டு எங்கள் குடும்பம் தாப்பா மலைப்பாதையில் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பழைய காரைத் திருத்தி ஓட்டுகிற நேயர்களுக்கு உதவக்கூடும்.

கார் என் மைத்துனருடையது, மோரிஸ் மைனர். அதன் 1098 சி.சி. எஞ்சின் தேய்ந்துவிட்டதால், மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் பழைய 1275 சி.சி. எஞ்சின் ஒன்றை வாங்கி ஏற்றியிருந்தார். இரண்டும் ஒரே வம்சத்து எஞ்சின்கள்தாம். வண்டி நன்றாகவே இழுத்தது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் என் மனைவியின் தங்கை மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் வந்து சேராமல் பெண்ணை மனையில் உட்கார வைப்பார்களா? பட்டுச் சேலை, பழத்தட்டு, ஐந்து பேர் என்று விடியற்காலையில் கிளம்பினோம். லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சியை நெருங்கும்போது பானெட்டிலிருந்து புகைபோல ஆவி கிளம்பியது. மைத்துனர் முகத்தில் ரத்தமே இல்லை.

கீழே இறங்கி வந்த காய்கறி லோரிக்காரர் ஒருவர் நிறுத்தினார். எங்கள் வயதுக்கு மூத்தவர். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன மைத்துனரின் கையைத் தட்டிவிட்டார். பிறகு குனிந்து பார்த்துக் கேட்டார்: "தம்பி, வண்டியில ஹீட்டரே இல்லையே, இந்த ஹோஸ் யாருக்கு வேலை செய்யுது?"

விஷயம் இதுதான். இந்த எஞ்சினின் ஹெட்டுக்குப் பின்புறம் ஒரு சிறு குழாய்த்திறப்பு உண்டு. கொதிநீர் அதன் வழியே அரை அங்குல ஹோஸில் ஹீட்டருக்குப் போய், ரேடியேட்டரின் அடி ஹோஸில் உள்ள கிளையில் வந்து சேரும். அங்கிருந்து தண்ணீர் பம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். ஹீட்டர் என்பது உண்மையில் இன்னொரு குட்டி ரேடியேட்டர். அதைக் கழற்றியவர், திறப்பையும் அடி ஹோஸையும் ஒரே ஹோஸால் நேராக இணைத்துவிட்டார். திறப்பும் முழுக்கத் திறந்தே கிடந்தது. சுடுதண்ணீரில் ஒரு பங்கு, ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது! சம தரையில் இது தெரியவில்லை. பெரிய எஞ்சின், பழைய ரேடியேட்டர், ஐந்து பேர், இரண்டாம் கியர் ஏற்றம் என்றதும் தெரிந்துவிட்டது. போதாக்குறைக்கு அந்த ஹோஸ் எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் மேல் படுத்திருந்ததால் வெந்து பிளந்திருந்தது.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கலாம். லோரிக்காரர் திறப்பை இறுக மூடினார், பிளந்த ஹோஸை உருவினார், அடி ஹோஸின் கிளையில் கத்தியால் சீவிய குச்சியைச் செருகி கிளிப்பால் முடுக்கினார். நீர்வீழ்ச்சியில் பிடித்த தண்ணீரை ஊற்றிக் கிளம்பினோம். மீதி ஏற்றத்தில் சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. சீரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. என் மாமியார் மட்டும் வழி நெடுக முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

ஊர் திரும்பியதும் ஒழுங்காகச் செய்தோம். ஹீட்டர் வேண்டாம் என்றால், இரண்டு நட்டுகளில் நிற்கும் அந்தத் திறப்பைக் கழற்றி, கேஸ்கெட் வைத்துத் தகட்டால் அடைத்துவிட்டு, கிளையில்லாத அடி ஹோஸைப் போட வேண்டும். ஆனால் ஹெட்டுக்கும் பம்புக்கும் நடுவே உள்ள கட்டை ஹோஸைத் தொடக்கூடாது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரத்தில் தண்ணீரைச் சுற்ற வைப்பது அதுதான். சிலர் தெர்மோஸ்டாட்டையே பிடுங்கி எறிகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெப்ப நாடுகளுக்கென்று 74 டிகிரியில் திறப்பதே கிடைக்கும்போது ஏன் பிடுங்க வேண்டும்?

மைத்துனரோ ஹீட்டரையே திரும்ப மாட்டச் சொன்னார். ஹோஸ்களை மேனிபோல்டில் படாமல் விலக்கிக் கட்டி, தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டோம். காற்று அடைக்காதிருக்க, திறப்பைத் திறந்து வைத்தே தண்ணீர் நிரப்பினோம். எஞ்சின் சூடானதும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தோம். போகிறது நல்ல சூடு, வருகிறது சற்றே குறைவு. திரும்பும் ஹோஸ் சில்லென்று இருந்தால் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு மலையேறும்போது முள் உயர்ந்தால், மைத்துனர் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரைப் போட்டுவிடுவார். எஞ்சின் சூடு காருக்குள் வந்துவிடும். பின் சீட்டில் பிள்ளைகள் வியர்த்துக்கொட்டி அவரைத் திட்டுவார்கள்.