செட் ஆகிவிட்ட சொல்

ஆங்கிலத்தில் அதற்கு மூன்றே எழுத்து. ஆனால் 1989-ல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், 'செட்' என்ற வினைச்சொல்லை விளக்கி முடிக்கச் சுமார் 60,000 சொற்கள் தேவைப்பட்டன. 430-க்கும் மேற்பட்ட பொருள்கள். அந்தப் பதிப்பிலேயே மிக நீளமான பதிவு அதுதான்.

சூரியன் மறைவது செட். ஜெல்லி உறைவதும் சிமெண்ட் இறுகுவதும் செட். முறிந்த எலும்பைப் பொருத்துவது, மோதிரத்தில் கல் பதிப்பது, அச்சகத்தில் எழுத்துக் கோப்பது, சாப்பாட்டு மேசையில் தட்டும் கரண்டியும் எடுத்து வைப்பது, கவிதைக்கு மெட்டமைப்பது எல்லாமே செட். வைக்கோற்போருக்குத் தீ வைக்கவும் அதுவே. ரம்பத்தின் பற்களை இடம், வலம் என்று மாற்றி மாற்றிச் சாய்த்து விடுகிறாரே தச்சர், அதற்கும் இதே சொல்தான்.

இவற்றில் பெரும்பாலானவை கைவேலைக்காரர்களின் காரியங்கள். காரணம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. 'சிட்' என்றால் உட்கார். 'செட்' என்றால் உட்கார வை. நம் கொத்தனாரும் கல்லை 'உட்கார வை' என்றுதானே சொல்கிறார்? நிலையில் கதவு 'சரியா உட்காரல' என்று தச்சர் முனகுவதில்லையா? ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் அசையாமல் இருத்துவது எல்லாத் தொழிலுக்கும் பொதுவான வேலை. ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனதில் சொல் பெருத்துவிட்டது.

அகராதியின் முதல் பதிப்பில் 'செட்' வரும் பகுதிக்குப் பொறுப்பேற்றவர் ஹென்றி பிராட்லி. பெரிய படிப்பெல்லாம் கிடையாது. தானாகவே பல மொழிகளைக் கற்றவர். அதற்கு முன் ஷெஃபீல்டு நகரில் கத்தி, கரண்டி செய்யும் நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் குமாஸ்தா. கரண்டி 'செட்'டோடு புழங்கிய ஆளிடமே 'செட்' வந்து சேர்ந்திருக்கிறது!

அந்தக் கரண்டி செட்டுக்கு, அதாவது தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல்லுக்கு, வேர் வேறு. லத்தீனில் 'செக்டா' என்றால் ஒருவரைப் பின்பற்றும் கூட்டம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஏற்கெனவே இருந்த 'செட்'டோடு ஒட்டிக்கொண்டது. 'அவன் எங்க செட்டுப் பையன்' என்று டீக்கடையில் சொல்பவர் அறியாமலே லத்தீனுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

'செட்'டின் முதலிடம் இப்போது பறிபோய்விட்டது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தத்தில் 2011-ல் 'ரன்' என்ற வினைச்சொல் 645 பொருள்களோடு முன்னுக்கு வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். இயந்திரங்கள் பெருகியதால் ஓட்டத்தைக் குறிக்கும் சொல்லும் பெருகியது என்று எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர் விளக்கம் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 645 என்பது புதிய திருத்தத்தின் கணக்கு, 430 என்பது பழைய பதிப்பின் கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைத்துத் தீர்ப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டில் போட்டியே இல்லை. 'ரன்' கிரிக்கெட் மைதானத்தையும் கம்ப்யூட்டரையும் பெரிதாகத் தாண்டவில்லை. 'செட்'டோ வயலில் பம்புசெட், திருவிழாவில் மைக் செட், ஹோட்டலில் செட் தோசை, சீட்டுக்கட்டில் மூன்று ராஜா சேர்ந்த செட், ஸ்டூடியோவில் லட்சக்கணக்கில் செலவழித்துப் போட்டு, படப்பிடிப்பு முடிந்ததும் பிரிக்கிற செட். 1977-ல் '16 வயதினிலே' கேமராவைக் கிராமத்துக்கே கொண்டுபோன பிறகும், செட் போடுவது நிற்கவில்லை. வீட்டில் செட்டாப் பாக்ஸ். டி.வி. செட்டின் தலையில் வைக்கும் பெட்டி என்பதால் வந்த பெயர் அது. இன்றைய தட்டை டி.வி.யின் தலையில் தீப்பெட்டி வைக்கக்கூட இடமில்லை. 'செட்டப்' என்பதற்கு நம் ஊரில் ஏறிய அர்த்தத்தைக் குடும்பப் பத்திரிகையில் விவரிக்க முடியாது.

இதெல்லாம் இரவல் வாங்கிய பெயர்கள். நாமே செய்துகொண்டது 'செட் ஆகல'. இந்தச் சட்டை எனக்கு செட் ஆகல, அந்த வேலை செட் ஆகல, ரெண்டு பேருக்கும் செட் ஆகல. சிமெண்ட் பிடித்து இறுகும் 'செட்'டிலிருந்து இது கிளைத்திருக்கலாம் என்பது என் ஊகம். அதைவிட அழகு இதன் இலக்கணம். ஆங்கிலத்தில் சூரியன் தானாக மறைவதற்கும், ஒருவர் கல்லைப் பதிப்பதற்கும் ஒரே 'செட்'தான். தன்வினை, பிறவினை என்று உருவத்தில் வேறுபாடு கிடையாது. தமிழ் அந்தச் சொல்லை அப்படியே விடவில்லை. தானாக நடந்தால் 'செட் ஆயிடுச்சு'; ஒருவர் மெனக்கெட்டு நடத்தினால் 'செட் பண்ணிட்டான்'.