சொல்வன்மையும் நடுவரின் நீதியும்

சேலம், நாமக்கல் சமவெளியில் மேடைப் பேச்சுக்கு என்றும் மதிப்புண்டு. 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி தன் பெயரைத் திராவிடர் கழகம் என மாற்றிக்கொண்டது. ஆங்கில அரசு அளித்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற தீர்மானமும் அங்கேயே நிறைவேறியது. அத்தீர்மானங்களை முன்மொழிந்த அண்ணாவின் நாவன்மையைத் தமிழகம் நன்கறியும். இன்றும் தமிழ் வளர்ச்சித் துறை, தலைவர்களின் பிறந்த நாள்களையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டிகளை நடத்தி 5,000, 3,000, 2,000 ரூபாய் எனப் பரிசுகள் வழங்கி வருகிறது. கல்லூரிகள் தாமும் போட்டிகள் நடத்துகின்றன. அரபிக் கல்லூரிகளிலோ வாரந்தோறும், பெரும்பாலும் வியாழன் இரவில், மாணவர் மன்றம் கூடுகிறது. பேசுவோருக்குப் பயிற்சி உண்டு. ஆனால் அவர்களை மதிப்பிடுவோருக்கு என்ன பயிற்சி இருக்கிறது?

இக்கேள்வி என்னுள் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நடுவராக அமர்ந்திருந்தேன். காவிரிக் கரைச் சாயப்பட்டறைகளை மூடிவிட வேண்டுமா என்பது தலைப்பு. பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்து மாணவர்களுக்கு அது ஏட்டுச் செய்தியன்று, வீட்டுச் செய்தி. ஒரு மாணவர் இடியென முழங்கினார். நோயுற்றோர் இத்தனை ஆயிரம் என ஓர் எண்ணைச் சொன்னபோது அரங்கம் கைதட்டலால் அதிர்ந்தது. இன்னொருவர் தட்டுத்தடுமாறிப் பேசினார். ஆறும் வேண்டும், பட்டறைக் கூலியை நம்பிய குடும்பங்களும் பிழைக்க வேண்டும். ஆகவே கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தூய்மையாக்க வேண்டும், அதற்கான செலவை யார் ஏற்பது என்பதே உண்மையான கேள்வி என்றார். முதல் பரிசை முன்னவருக்கே கொடுத்தேன். பரிசளிப்பு முடிந்தபின், அந்த எண் எங்கிருந்து கிடைத்தது என்று அவரிடம் கேட்டேன். "எண் சொன்னால் எடுபடும் என்று சொன்னேன், ஹஜ்ரத்" என்றார் அவர் புன்னகையுடன். அவர் செய்தது பிழை. அப்பிழைக்குப் பரிசளித்தவன் நான்.

அன்றிரவு நான் பலமுறை பாடம் நடத்திய ஒரு நபிமொழி என்னையே நோக்கி வந்தது. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. வழக்காட வருவோருள் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறன் மிக்கவராக இருக்கக்கூடும். கேட்டதைக் கொண்டே தாம் தீர்ப்பளிக்க நேரும். அவ்வாறு பிறர் உரிமை ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் அது நெருப்பின் ஒரு துண்டு என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். சொல்லழகு தீர்ப்பைச் சாய்க்க வல்லது என்பதே இதன் படிப்பினை. பேச்சுப் போட்டி நீதிமன்றம் அன்றுதான். எனினும் ஒருவருக்குரிய சிறப்பை மற்றவருக்கு அளிக்கும் ஆபத்து இங்கும் உண்டு.

சொல்லழகு வேறு, சான்று வேறு என்று பிரித்தறியும் கருவி நம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் சொற்பொழிவுக் கலை நூலை ஃபாராபீ, இப்னு ஸீனா, இப்னு ருஷ்து ஆகியோர் மன்திக் என்னும் தர்க்கவியலின் ஒரு பகுதியாகவே கொண்டு ஆராய்ந்தனர். அரபிக் கல்லூரிகளின் தொடக்கத் தர்க்க நூலாகிய ஈஸாகூஜியின் இறுதியில் வாதத்தின் ஐந்து வகைகள் சுருக்கமாகச் சொல்லப்படுகின்றன. உறுதியான உண்மைகளால் அமைவது புர்ஹான். பலரும் ஏற்றுக்கொண்ட கருத்துகளின் மீது எழுவது ஜதல். நம்பகமானவர் கூற்றையும், பெரும்பாலும் சரியாக இருக்கக்கூடிய கருத்தையும் அடிப்படையாகக் கொள்வது கிதாபத், அதாவது சொற்பொழிவு. கற்பனையால் உள்ளத்தை விரியவோ சுருங்கவோ செய்வது ஷிஃர். உண்மைபோல் தோன்றும் பொய்யால் அமைவது முகாலதா. ஆண்டின் இறுதியில் அவசரமாக நடத்தி முடிக்கப்படும் பாடம் இது. நடுவருக்கோ இதுவே முதற்பாடம்.

மேற்சொன்ன போட்டியையே இதனால் அளந்து பார்ப்போம். சாயத் தொழிலை நஞ்சு வணிகம் என்றழைத்தது ஷிஃர். அது குற்றமன்று, ஆயினும் சான்றாகாது. இல்லாத எண்ணைச் சொன்னது முகாலதா. தடுமாறிய மாணவர் தாம் கண்டதையும், யாரும் மறுக்காத இரு தேவைகளையும் வைத்து வாதிட்டதே முறையான கிதாபத். சொற்பொழிவில் கணிதம் போன்ற உறுதியை எதிர்பார்க்க இயலாது. ஆனால் நம்பகமானவர் கூற்று என்னும் அடிப்படை முறிந்துவிட்டால், அங்கே சொற்பொழிவும் இல்லை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டுப் பழகிய நாம், மேடையில் சொல்லப்படும் எண்ணுக்கு மட்டும் இஸ்னாதைக் கேளாமல் விடுவது எவ்வகையில் பொருந்தும்?

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சொல். சேலத்து முஸ்லிம் மாணவர்கள் பலரின் வீட்டு மொழி உருது. சிலருக்குத் தமிழின் ழகரம் எளிதில் வாராது. கிராமத்து மாணவர்களின் பேச்சில் கொங்குச் சாயல் இருக்கும். இவற்றுக்காகவே மதிப்பெண்ணைக் குறைக்கும் நடுவர்களைக் கண்டிருக்கிறேன். ஹிஜ்ரி 255இல் மறைந்த அல்ஜாஹிழ், தம் அல்பயான் வத்தப்யீன் நூலில் வாஸில் இப்னு அதாவைப் பற்றி எழுதுகிறார். ரகரத்தைச் சரியாக ஒலிக்க இயலாத வாஸில், அவ்வெழுத்து வரும் சொற்களையே தவிர்த்துத் தடையின்றிச் சொற்பொழிவாற்றினார். நபி மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் வேண்டியதையும், தம் சகோதரர் ஹாரூன் (அலை) தம்மைவிடத் தெளிவாகப் பேசுபவர் என்று கூறியதையும் திருமறை சொல்கிறது. தூதுத்துவத்துக்கு நாவின் தடை தடையாகவில்லை. சொல் விளங்குகிறதா என்பதே அளவுகோலாக வேண்டும். ஒலி யாருடைய ஊரைச் சேர்ந்தது என்பதன்று.

அந்த அனுபவத்துக்குப் பின் நான் கைக்கொள்ளும் மதிப்பீட்டு முறை இது. மொத்தம் 100 மதிப்பெண்ணில் கருத்துக்கும் சான்றுக்கும் 35, எதிர்த்தரப்பை நேர்மையாக எடுத்துச் சொல்லி விடையளிப்பதற்கு 20, மொழிக்கு 20, வாத வரிசைக்கு 15, குரலுக்கும் மெய்ப்பாட்டுக்கும் 10. பேச்சு முடிந்ததும் நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இன்ன செய்தியை எங்கிருந்து பெற்றீர்? மனப்பாடம் செய்தவரையும் சிந்தித்தவரையும் பெரும்பாலும் அக்கேள்வியே பிரித்துக் காட்டிவிடும்.

நடுவருக்குரிய ஒழுக்கத்தை நீதிபதிக்குரிய ஒழுக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். சினத்தில் இருக்கும்போது தீர்ப்பளிக்கலாகாது என்பது நபிமொழி. பசி, களைப்பு ஆகியவற்றையும் ஃபிக்ஹு அறிஞர்கள் இதனோடு சேர்த்தனர். பகலுணவு நேரம் தாண்டியும் இருபதாவது மாணவரை வரிசையில் நிறுத்திவைப்பது அவருக்கு இழைக்கும் அநீதி. மற்றவரைக் கேட்குமுன் முதலாமவருக்குத் தீர்ப்புச் சொல்லலாகாது என்று அலீ (ரலி) அவர்களுக்குக் கூறப்பட்ட அறிவுரையும் இங்கே பொருந்தும். முதலில் பேசுபவருக்கு நடுவர் அச்சத்தால் நடுத்தர மதிப்பெண் இடுவது வழக்கம். முதல் மூவரின் மதிப்பெண்களைப் பென்சிலால் எழுதி, மூவரையும் கேட்டபின் உறுதி செய்தால் இக்குறை நீங்கும். நடுவர்கள் தம்முள் கலந்து பேசுமுன் அவரவர் தாளை எழுதி முடிப்பதும், தம் கல்லூரி மாணவர் பேசும்போது விலகிக்கொள்வதும் இன்றியமையாதவை.

இவ்வளவு நுணுக்கம் ஒரு மாணவர் போட்டிக்குத் தேவையா எனச் சிலர் வினவலாம். நாம் பரிசளிக்கும் மாணவர் நாளை ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆ பயான் செய்யப் போகிறார். அல்லது வழக்கறிஞராக, ஆசிரியராக, அரசியல் மேடையில் நிற்கப் போகிறார். போட்டி மேடையில் எண்ணைப் புனைந்து கைதட்டல் பெற்றவர், மிம்பர் அருகே நின்று ஆதாரமற்ற செய்தியை ஹதீஸ் என்று சொல்லத் தயங்குவாரா? நாம் எதற்கு மதிப்பெண் இடுகிறோமோ அதையே அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

தடுமாறிப் பேசிய அந்த மாணவரைப் பின்னர் தேடிக் கண்டு, அன்று சிறந்த வாதம் அவருடையதே என்று சொன்னேன். பரிசை மாற்ற என்னால் இயலவில்லை. அடுத்த போட்டியில் என் தாளை மாற்றிக்கொள்ள மட்டுமே இயன்றது.